களத்தில் காயவைத்த இன்ஜின்

எங்கள் பழைய ஒர்க்‌ஷாப்பில் இப்போது மெக்கானிக்காக இருக்கும் செந்தில் சில வாரங்களுக்கு முன் என்னைப் பார்க்க வந்தார். படகுக்குள் குனிந்தபோது சட்டைப்பையிலிருந்த செல்போன் நழுவித் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். எடுத்துத் துடைத்து, வீட்டு அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருக்கிறார். ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும் என்று யாரோ சொன்னார்களாம். "வந்துருமா சார்?" என்று கேட்டார். செல்போனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? வந்தாலும் வரும் என்றேன். கூட வந்திருந்த பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவுட்போர்டு இன்ஜினை நெல் காயப்போடுவதுபோல் களத்தில் காயப்போட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களைப் பார்த்து நான் ஒருமுறை சிரித்திருக்கிறேன். கிளம்பும்போது செந்தில், நீங்கள் பார்த்ததிலேயே கஷ்டமான இன்ஜின் எது சார் என்று வழக்கம்போல் கேட்டார். இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு பெரிய இன்ஜினைச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். உண்மையில் அது சின்ன இன்ஜின்தான். களத்தில் காய்ந்த அதே இன்ஜின்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தேன். படிக்க வைத்தது என் அக்கா பட்டம்மாள். அப்பா போன பிறகு நாற்று நட்டும் களை பறித்தும் கதிர் அறுத்தும் என்னைக் கரை சேர்த்தாள். வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கார்டு வந்தது. கடற்கரை ஊர் ஒன்றில் அரசு ஒர்க்‌ஷாப்பில் வேலை. மீனவர்களின் வள்ளங்களுக்கு அவுட்போர்டு இன்ஜின், அதாவது படகின் பின்பலகையில் மாட்டித் தொங்கவிடும் இன்ஜின், வர ஆரம்பித்திருந்த காலம் அது. மண்ணெண்ணெயில் ஓடும். வயல்காட்டு பம்புசெட்டைப் பார்த்துப் பழகிய எனக்கு அதன் உள்சங்கதி எல்லாம் புதிது. கையைச் சுட்டுக்கொண்டுதான் கற்றுக்கொண்டேன்.

அங்கே போர்மேன் சுந்தரேசன். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை. இன்ஜினைப் பிரித்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றால், என்ன பார்த்தாய் என்பார். பிளக் நனைந்திருக்கிறது என்போம். "அப்புறம்?" என்பார். கார்பரேட்டரில் தண்ணீர் நிற்கிறது என்போம். "அப்புறம்?" நமக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்து, பேச்சு நின்று, கால் மாற்றி நிற்கும்வரை அதே வார்த்தைதான். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். போய் மறுபடி பார் என்று அதற்கு அர்த்தம். திட்டியிருந்தால் டீக்கடையில் நாலு வார்த்தை திருப்பித் திட்டிவிட்டு மறந்திருப்போம்.

சேர்ந்த புதிதில் ஓர் இன்ஜினைப் பூட்டி முடித்தபோது கையில் ஒரு வாஷர் மிஞ்சிவிட்டது. ஓசைப்படாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது சார் என்றேன். "அப்புறம்?" என்றார். அதற்குமேல் என்னால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. முழு இன்ஜினையும் மறுபடி பிரித்தேன்.

என்னோடு வேலை பார்த்த பிட்டர் தங்கராசு வேறு மாதிரி ஆள். வாய் ஓயாது. முதல் வாரமே, எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டார். திருத்துறைப்பூண்டி பக்கம் என்று ஊர்ப் பெயரையும் சொன்னேன். விவசாயமா என்றார். ஆமாம் என்றேன். அதில் பொய் இல்லை. விவசாயம்தான் செய்தோம், அடுத்தவர் வயலில். எவ்வளவு நிலம் என்று கேட்டபோது, கொஞ்சம் இருக்கிறது என்று என் வாய் சொல்லிவிட்டது. அந்தக் கொஞ்சம் என்னைக் கேட்காமலே வளர்ந்தது. தங்கராசு என்னை "மிராசு" என்று கூப்பிட ஆரம்பித்தார். தை பிறந்தால், என்ன மிராசு, அறுப்பு ஆச்சா என்பார். ஆகிக்கொண்டிருக்கிறது என்பேன். ஊரிலிருந்து யாராவது வந்து நின்றால் குட்டு உடைந்துவிடும் என்பதால் அக்காவிடம், நீ பஸ் ஏறி அலைய வேண்டாம், நானே வருகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். அவளும் சரி என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமலே அவளுக்குப் புரிந்திருக்கிறது என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஊரில் அப்போது நிலத் தகராறு முற்றிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவுக்கு எதிரே இருந்த வயல்களைத் தலைமுறை தலைமுறையாக உழுதது எங்கள் ஆட்கள். உச்சவரம்புச் சட்டத்துக்குத் தப்புவதற்காகப் பண்ணையார் அவற்றை யார் யார் பேரிலோ எழுதி வைத்திருந்தார். ஆட்சி மாறும், தெருமுனையில் எந்தக் கொடி உயரத்தில் பறக்கிறது என்பது மாறும், வயல் மட்டும் அங்கேயே இருக்கும். கடைசியில் தெருவார் துணிந்து மனுக் கொடுத்தார்கள். தாசில்தார் நேரில் வந்து விசாரிப்பார் என்று பதில் வந்தது. பண்ணையார் சும்மா இருப்பாரா? எங்கள் தெருவுக்கு வேலை இல்லை என்று நிறுத்திவிட்டு, நடவுக்கு வெளியூர் ஆட்களை இறக்கினார். இந்த நிலத்தில் நாங்கள் ஒருநாளும் சாகுபடி செய்ததில்லை, இது எங்களுடையது இல்லை என்று எழுதிய காகிதத்தில் வீட்டுக்கு ஒருவர் கைநாட்டு வைத்தால் மறுநாளே வேலை என்று காரியக்காரரிடம் சொல்லி அனுப்பினார்.

ஒருவரும் வைக்கவில்லை. அதற்குக் காரணம் என் அக்கா. விசாரணை வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். பிழைப்புக்காக ஆம்பளை பொம்பளை எல்லோரும் கோரையாற்று முகத்துவாரத்தில் இறாலும் நண்டும் பிடிக்க இறங்கினார்கள். துடுப்புப் போட்டு ஏலத்துக்கு வந்து சேர்வதற்குள் பிடித்ததெல்லாம் வெயிலில் நாறிப்போகும். அதனால் தெருவே சேர்ந்து ஒரு பழைய வள்ளமும், யாரோ ஓட்டிக் கழித்த ஓர் அவுட்போர்டு இன்ஜினும் வாங்கியது. அந்த இன்ஜின் ஓடுகிறவரை உலை கொதிக்கும். உலை கொதிக்கிறவரை யாரும் கட்டைவிரலை நீட்ட வேண்டாம். ஆடிக் காற்றில் வள்ளம் கவிழ்ந்தது. ஆட்கள் கரையேறிவிட்டார்கள். இன்ஜின் உப்புத் தண்ணீரில் மூழ்கிவிட்டது.

அதைக் கோணியில் சுற்றி, பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு அக்காவும் எங்கள் தெரு வேலாயுதம் மாமாவும் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றார்கள். நான் உள்ளே வைஸில் ஏதோ பிடித்து அராவிக்கொண்டிருந்தேன். மாமா என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக வாயைத் திறந்தார். அக்கா அவர் முழங்கையைத் தொட்டாள். மாமா வாயை மூடிக்கொண்டார்.

தங்கராசு முன்னால் போய் என்ன ஏது என்று விசாரித்தார். மாமா பெருமையாகச் சொன்னார். முங்கி எடுத்து, கரைக்குக் கொண்டுவந்து, மேல் சேற்றைக் கழுவி, களத்தில் பரப்பியிருக்கிறார்கள். காலையில் ஒரு பக்கம், வெயில் சாய்ந்தால் மறுபக்கம் என்று நெல்லைத் துழாவிவிடுவதுபோல் புரட்டிப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள். சாயங்காலமானால் தூறலுக்குப் பயந்து வைக்கோல் போட்டு மூடி, முறை வைத்துக் காவல் இருந்திருக்கிறார்கள். ஒரு பொட்டு ஈரம் இல்லை, தட்டிப் பாருங்கள் என்றார்.

"காய வச்சது சரிதான் பெரியவரே. அவிச்சுட்டுக் காய வச்சீங்களா, அப்படியே காய வச்சீங்களா? புழுங்கலா, பச்சையான்னு தெரியணுமே" என்றார் தங்கராசு.

ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். லேசாகக்கூட இல்லை, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தேன். எங்கே நான் மட்டும் சிரிக்காமல் நின்றால் கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம்.

அக்கா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் சார். நீங்க கொஞ்சம் தொறந்து பாருங்க சார்."

வேலையிடத்தில் நான் மூர்த்தி. வீட்டில் அவளுக்கு நான் கலியா. கோபம் வந்தால் டேய் கலியா. என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைச் சார் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த முதல் சார் மாதிரி வேறு எதுவும் என்னைச் சுட்டதில்லை.

களத்தில் காயவைத்தது ஏன் தப்பு என்று சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்குள் கிடக்கும்வரை இரும்பு அவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்காது. வெளியே எடுத்துக் காற்றுப் பட்டவுடன்தான் உப்பு தன் வேலையைக் காட்டும். மூழ்கின இன்ஜினை உடனே பிரிக்க முடியாவிட்டால் நல்ல தண்ணீர்த் தொட்டியில் முக்கி வைக்க வேண்டும். அல்லது கழுவி, உள்ளே ஆயில் ஊற்றிவிட வேண்டும். கடலோரத்தில் இது தெரியும். எங்கள் ஆட்களுக்கு எப்படித் தெரியும்? நெல் நனைந்தால் வெயில், கோணி நனைந்தால் வெயில், விறகு நனைந்தால் வெயில். நனைந்ததற்கெல்லாம் அவர்கள் அறிந்த ஒரே வைத்தியத்தை முழு அக்கறையோடு செய்தார்கள். அலட்சியமாகக் குளத்தில் தூக்கிப் போட்டிருந்தால் அந்த இன்ஜின் பிழைத்திருக்கும்.

முதலில் பிளக் இரண்டையும் கழற்றி, துளை வழியே டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டேன். இறுகிப்போன இன்ஜினின் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்க்கவே கூடாது. உள்ளே ஒட்டியிருக்கும் ரிங் சிலிண்டரைக் கீறிவிடும். நன்றாக ஊறிய பிறகு பிளைவீலைப் புல்லர் போட்டு எடுத்தேன். அடியில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. மேல் இன்ஜினையும் தண்ணீருக்குள் இறங்கும் கீழ்க்காலையும் இணைக்கும் போல்ட்டுகள் அசைய மறுத்தன. புளோ லாம்ப்பால் சுட்டு, லேசாகத் தட்டி, எண்ணெய் விட்டு, மறுபடி சுட்டு ஒவ்வொன்றாகத் திருப்பினேன். ஒன்று தலை முறிந்து உள்ளேயே தங்கிவிட்டது. அதன் நடுவில் புள்ளி குத்தி, சின்ன டிரில்லில் ஆரம்பித்துத் துளை போட்டு எடுத்துவிட்டுப் புதிதாக மரை வெட்டினேன். அலுமினிய உடம்பு. அவசரப்பட்டால் ஓரம் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

சிலிண்டர் தப்பித்திருந்தது. பிஸ்டனில் ரிங்குகள் பள்ளத்தோடு பள்ளமாக ஒட்டியிருந்தன. அவற்றை உடைத்து எடுத்து, உடைந்த துண்டையே வைத்துப் பள்ளத்தைச் சுரண்டினேன். அந்த அளவுக்குப் பொருந்துகிற கருவி வேறு கிடையாது. பிறகு, கிராங்க் என்ற சுழலும் தண்டு உட்கார்ந்திருக்கும் கிராங்க் கேஸை இரண்டாகப் பிரித்தேன். கனெக்டிங் ராடு கிராங்க்கைப் பிடிக்கும் இடத்தில் ஊசிபோன்ற சின்ன உருளைகள் வரிசையாக இருக்கும்; ஊசி பேரிங் என்போம். அத்தனை ஊசியிலும் செந்துரு. கிராங்க்கின் மேல் நகத்தை வைத்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். என் நகம் தடுக்கித் தடுக்கிப் போனது.

போர்மேன் தன் அறைக்குக் கூப்பிட்டு, என்ன பார்த்தாய் என்று கேட்டார். சொன்னேன். அப்புறம் என்றார். ரிங், பேரிங், ஆயில் சீல், ஒரு காயில், எல்லாம் சொன்னேன். அப்புறம் என்றார். கிராங்க்கே போய்விட்டது, வேறு கிராங்க் கிடைக்காமல் இது ஓடாது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே பூவரச மரத்தடியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மாமாவை அனுப்பிவிட்டு, இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை தெரியாமல் போக மாட்டேன் என்று காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் அவளுக்கும் ஒரே முகவெட்டு. இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தினால் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

"அந்தம்மா உனக்கு என்ன வேணும்?" என்றார்.

"ஊர்க்காரங்க சார்."

"அப்புறம்?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாஷரை ஒப்புக்கொண்ட எனக்கு இதற்கு வாய் வரவில்லை. கடைசியில் அவரே பேச்சை மாற்றினார். கொட்டகையில் இனி உதவாது என்று கண்டம் பண்ணிப்போட்ட இன்ஜின் ஒன்று கிடந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி வேலை என்று எழுதிக்கொள், அதன் கிராங்க்கை எடுத்து இதில் போடு என்றார். அப்படி யாருக்கும் அவர் விதியைத் தளர்த்தி நான் பார்த்ததில்லை. ஜன்னல் திறந்துதான் இருந்தது. நான் சொன்னது அக்கா காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது.

வேலையை நன்றாகச் செய்தேன். அதில் மட்டும் குறை வைக்கவில்லை. கிராங்க்கை மண்ணெண்ணெயில் கழுவி, புது ஊசிகளைக் கிரீஸில் ஒட்டவைத்து ஒவ்வொன்றாக அடுக்கினேன். ராடு மூடிகளில் பழைய குறி மாறாமல் பொருத்தினேன். கேஸை மூடி, போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு மாற்றி மாற்றி முறுக்கினேன். ஒவ்வொரு முறுக்குக்கும் பிளைவீலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, எங்காவது பிடிக்கிறதா என்று பார்த்தேன். தண்ணீர் பம்பின் இறக்கையைப் புதிதாக மாற்றினேன். தொட்டியில் இறக்கி ஓட்டியபோது இரைச்சல் சீராக இருந்தது. போர்மேன் பக்கத்தில் வந்து கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அவரிடமிருந்து அதற்குமேல் பாராட்டு கிடையாது.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் யாரும் கைநாட்டு வைக்கவில்லை. இன்ஜின் ஓடியது, விசாரணை நடந்தது, இழுத்தடித்து, அலையவிட்டு, அந்த நிலத்தில் ஒரு பகுதி அவர்கள் பேருக்குப் பட்டா ஆனது. அக்கா தன் வயலில் சம்பா நட்டாள். என் கல்யாணத்தை அவள்தான் நடத்திவைத்தாள். மரியாதையாக வாழ்ந்து, மரியாதையாகப் போய்ச் சேர்ந்தாள். ஆகையால் இதைப் படித்துவிட்டு யாரும் அவளுக்காக வருத்தப்பட வேண்டாம். வெட்கப்பட வேண்டியவன் நான் ஒருவன்தான்.

இன்ஜினை வாங்கிப்போக அக்காவும் மாமாவும் துடுப்புப் போட்டு வள்ளத்திலேயே வந்தார்கள். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் உப்பாற்றில் ஒரு படித்துறை உண்டு. நானும் தங்கராசுவும் இன்ஜினைத் தூக்கிப் பின்பலகையில் மாட்டித் திருகினோம். மாமா சூடம் ஏற்றிக் காட்டினார். கயிற்றை இழுத்தேன். இரண்டாம் இழுப்பில் பிடித்துக்கொண்டது. தண்ணீர் வெளியேறும் துளைக்கு நேரே கையை நீட்டினேன். வெதுவெதுப்பாக, தடங்கலில்லாமல் பீச்சியது. உள்ளே சூடு ஏறவில்லை என்று அர்த்தம். சரியாக இருக்கிறது என்று சொல்லி அணைத்தேன். அக்கா இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டாள். என்னையா, இன்ஜினையா என்று தெரியவில்லை.

தங்கராசு கெட்டவர் இல்லை. அன்றைக்குக் கேலி செய்தது அவருக்கே உறுத்தியிருக்க வேண்டும். அக்காவிடம் நல்லபடியாகப் பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டார். அவள் ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

"அட, நம்ம மூர்த்தி ஊரு. அப்ப அவங்க வயல்லதான் வேலை பாக்குறீங்களா?" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். கோபம் ஏதும் இல்லை அந்தப் பார்வையில். என்ன சொல்லட்டும் என்று கேட்பதுபோல் இருந்தது. நான் சொல்வேனா என்று காத்திருந்தாள். மாமாகூடத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றாள். "சார் வயல்லதான்."

வீட்டு அடுப்பில் பூனை படுத்துக்கிடந்த நாளிலும், அது எங்களுடைய நிலம் இல்லை என்ற காகிதத்தின் மேல் விரலை வைக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தவள் அவள். பண்ணையார் ஆள் மேல் ஆள் அனுப்பியும் அவளிடமிருந்து வாங்க முடியாத வார்த்தையை, நான் கேட்காமலே வாங்கிக்கொண்டேன். இல்லை, இது என் அக்கா, நான் உடுத்தியிருப்பது இவள் நட்ட நடவு என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் குனிந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த இன்ஜின் மூடியை வேஸ்ட் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.